இரண்டாம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரி இடத்தை உறுதி செய்துகொள்ளும் ‘எர்லி அஷ்யூரன்ஸ்’ வழி: மகளை விண்ணப்பிக்கச் சொல்லலாமா?

கேள்வி (ஒரு தந்தை)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். அவளுடைய முதன்மைப் பாடம் வரலாறு. மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் பள்ளி நாள்களிலிருந்தே இருப்பதால், மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் உயிரியல், வேதியியல் பாடங்களையும் சேர்த்தே எடுத்து வருகிறாள். முதலாண்டு முடிவில் ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.8 இருந்தது. இந்தப் பருவத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். அது எப்படிப் போயிற்று என்பது டிசம்பரில்தான் தெரியும்.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, ‘எர்லி அஷ்யூரன்ஸ்’ என்று ஒரு வழி இருப்பதாகவும், இரண்டாம் ஆண்டிலேயே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொள்ளலாம் என்றும், சில கல்லூரிகளில் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வே எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் இருந்தது ஆசையா, தயக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிளஸ் டூ முடித்ததும் நேரே மருத்துவக் கல்லூரி என்ற முறையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்நாட்டில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அதன்பின் நான்காண்டு மருத்துவப் படிப்பு, அதற்கும் பின் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சி என்ற வரிசையைப் புரிந்துகொள்ளவே சில காலம் பிடித்தது. அதற்குள் இப்படி ஒரு குறுக்குவழி இருப்பதாகக் கேட்டதும், விட்டுவிடக்கூடாதே என்ற பதற்றம் வந்துவிட்டது.

நான் அறிய விரும்புபவை இவைதாம். எம்கேட் இல்லாமல் சேர்ந்தவர்கள் பின்னால் திணறுகிறார்களா? இடம் கிடைத்துவிட்டால் அதே கல்லூரிக்குக் கட்டுப்பட்டாக வேண்டுமா? கிடைக்காவிட்டால், பிறகு வழக்கமான முறையில் விண்ணப்பிக்கும்போது அது கரும்புள்ளியாகுமா? எங்கள் குடும்பத்திற்குச் சென்ற ஆண்டுதான் கிரீன் கார்டு கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி)

ஐயா, வணக்கம். நான் இந்த வழியில் சேர்ந்தவள் என்பதால் எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம்: இது குறுக்குவழி அன்று. என் கல்லூரியில் இதன் வழியே வந்தவர்கள் எவரும் ஓராண்டைக்கூட மிச்சப்படுத்தவில்லை. நான்காண்டு இளநிலைப் படிப்பை முழுமையாக முடித்துவிட்டுத்தான் சேர்ந்தோம். பள்ளி முடித்தவுடனேயே சேர்த்துக்கொள்ளும் கூட்டுப் படிப்புகள் வேறு வகை. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டாண்டுத் திட்டம் அப்படிப்பட்டது. அதற்கான வாய்ப்பு உங்கள் மகளுக்குக் கடந்துவிட்டது. அவளுக்கு எஞ்சியிருப்பது, இளநிலை மாணவர்களுக்கென்றே உள்ள திட்டங்கள்.

அவற்றில் பழமையானதும் உங்கள் மகளுக்குப் பொருத்தமானதும் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த ஐக்கான் மருத்துவக் கல்லூரியின் திட்டம் என்று நினைக்கிறேன். 1987-இல் இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறை மாணவர்களுக்காகவே ‘ஹியூமானிட்டீஸ் அண்ட் மெடிசின்’ என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். 2013-இல் எத்துறை மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்று விரிவாக்கி ‘ஃப்ளெக்ஸ்மெட்’ என்று பெயர் மாற்றினார்கள். எம்கேட் தேவையில்லை. உங்கள் முதல் கேள்விக்கு விடையும் அங்கேயே இருக்கிறது. 2004 முதல் 2009 வரை பட்டம் பெற்ற தங்கள் மாணவர்களை ஒப்பிட்டு அக்கல்லூரியினர் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எம்கேட் எழுதாமல் வந்தவர்கள் யு.எஸ்.எம்.எல்.இ. எனும் மருத்துவ உரிமத் தேர்வின் முதல் படியில் சராசரியில் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஆனால் நோயாளிகளோடு பணியாற்றும் மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் மற்றவர்களுக்கு இணையாக நின்றார்கள். என் வகுப்பிலும் நான் காண்பது ஏறத்தாழ அதுதான். முதலாண்டு உயிர்வேதியியலில் எனக்கு மூச்சு முட்டியது உண்மை. அதற்காக எனக்கு இந்த வாசலே திறந்திருக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை.

டஃப்ட்ஸ், ஜார்ஜ்டவுன் போன்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த இளநிலை மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் இவ்வாய்ப்பைத் தருகின்றன. டார்ட்மவுத்தில் மூன்றாம் ஆண்டில் தருகிறார்கள். ஆகவே, உங்கள் மகள் தன் பல்கலைக்கழகத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறதா என்று ப்ரீமெட் ஆலோசகரிடம் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் இளநிலை மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்) முதலில் கேட்கட்டும்.

விண்ணப்பத்தில் என்னை உண்மையில் வாட்டியது மதிப்பெண் அல்ல, பரிந்துரைக் கடிதம்தான். யோசித்துப் பாருங்கள்: இரண்டாம் ஆண்டின் குளிர்காலத்தில் விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பவை மூன்றே பருவங்கள். அவற்றில் அறிவியல் வகுப்புகள் பெரும்பாலும் இருநூறு, முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் அரங்குகளில் நடப்பவை. பேராசிரியருக்கு நம் முகமே தெரியாது. எனக்கு வேதியியல் இடைத்தேர்வில் ஒரு வினை வழிமுறை முழுவதும் தவறிப்போயிற்று. விடைத்தாளோடு அலுவல் நேரத்தில் பேராசிரியரின் அறைக்குப் போய், மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அந்த வினையைக் காட்டும் அம்புக்குறிகளை அவர் அறையின் கரும்பலகையில் திரும்ப வரையலாமா என்று கேட்டேன். இரண்டாம் முறையும் தவறாகவே வரைந்தேன். அடுத்த வாரம் மீண்டும் போய்ச் சரியாக வரைந்தேன். பின்னாளில் அவர் எனக்கு எழுதிய கடிதம் அந்தக் கரும்பலகையைப் பற்றியதாகவே இருந்தது என்று நேர்காணல் செய்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு வகுப்புகள் சிறியனவாக இருக்கும் வரலாற்றுத் துறை ஒரு பெரிய துணை. அங்கே அவளை நன்கறிந்த ஒருவர் இப்போதே இருக்கக்கூடும். அறிவியல் பக்கம் ஒருவரை இன்றே தேடத் தொடங்கட்டும். பள்ளி இறுதியில் எழுதிய எஸ்.ஏ.டி. (இளநிலைச் சேர்க்கைக்கான தேர்வு) மதிப்பெண்ணைக் கேட்கும் கல்லூரிகளும் உண்டு; அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்தபின் என் மூன்றாம், நான்காம் ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் உண்மையான பயன் அதுதான். என் தோழிகள் ஒரு கோடை முழுவதையும் ஏழரை மணி நேர எம்கேட் தேர்வுக்கான பயிற்சியில் செலவிட்டபோது, நான் சைகை மொழி கற்றேன். ஒரு மாணவி தன் படிப்பில் விரும்பியதை அச்சமின்றி எடுத்துப் படிக்கும் இரண்டு ஆண்டுகள் எளிதில் கிடைப்பவை அல்ல. இன்று செவித்திறன் அற்ற ஒருவர் வார்டில் சேர்ந்தால், மொழிபெயர்ப்பாளர் வந்து சேரும்வரை என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மறுமொழி 2 (ரெசிடென்சி பயிற்சியில் இருக்கும் மருத்துவர்)

ஐயா, மேலே எழுதிய தங்கையின் மறுமொழியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். நான் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பித்து, நேர்காணல் வரை போய், இடம் கிடைக்காமல் திரும்பியவன்.

என் ஜி.பி.ஏ. 3.9. ஆராய்ச்சிக்கூடத்தில் ஓராண்டு வேலை செய்திருந்தேன். மருத்துவமனையில் தன்னார்வப் பணி நாற்பது மணி நேரம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அந்த நாற்பது மணி நேரத்தில் நான் செய்ததெல்லாம் சக்கர நாற்காலிகளை லிஃப்டிலிருந்து வாசலுக்குத் தள்ளிச் செல்வது. நேர்காணலில் ஒரு மூத்த மருத்துவர், “அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். எனக்கு ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. நான் எப்போதும் பின்னாலிருந்து தள்ளினேன். அவர்களின் தலையின் பின்புறத்தைத்தான் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு கதையைக் கோத்துச் சொன்னேன். அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை, கோப்பை மூடிவிட்டு ஊரைப் பற்றிப் பேசினார். மூன்று வாரம் கழித்து மறுப்பு மின்னஞ்சல் வந்தது.

அன்று அது அநீதி என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. பத்தொன்பது வயதில் நான் மருத்துவத்தை விரும்பினேனா, மருத்துவர் என்ற பெயரை விரும்பினேனா என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. பிறகு கட்டணமில்லாத மருத்துவ முகாம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் பெயர்ப்பதிவு மேசையில் அமர்ந்தேன். அங்கே ஒரு மூதாட்டி மாதந்தோறும் தன் சர்க்கரை அளவுகளை ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதிக் கொண்டு வருவார். ஒவ்வொரு எண்ணும் 110 என்றே இருக்கும். மருத்துவர் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று அவராகவே எழுதிக்கொண்ட எண்கள் அவை. பரிசோதனைப் பட்டைகளை வாங்க அவரிடம் பணம் இருக்கவில்லை. இதை அவர் மருத்துவரிடம் சொல்லவில்லை, பெயர் எழுதும் என்னிடம் சொன்னார். நான் எதற்காக இத்துறைக்கு வருகிறேன் என்பது அந்த மேசையில்தான் தெளிவாயிற்று. எம்கேட் எழுதினேன், பட்டம் பெற்றபின் ஓராண்டு வேலை பார்த்தேன், வழக்கமான முறையில் விண்ணப்பித்துச் சேர்ந்தேன்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை: முன்பு மறுக்கப்பட்டது எனக்குக் கரும்புள்ளி ஆகவில்லை. என்னை மறுத்த அதே கல்லூரி, பின்னர் வழக்கமான சுற்றில் என்னை நேர்காணலுக்கு அழைத்தது. ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இத்திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கடினமான பாடங்களைத் தள்ளிப்போட்டு, ஜி.பி.ஏ.யைப் பொத்திப் பாதுகாக்கும் மாணவர்கள் உண்டு. இடம் கிடைக்காதபோது, தள்ளிப்போட்ட அத்தனை பாடங்களும் எம்கேட்டும் ஒரே ஆண்டில் தலையில் வந்து விழும். உங்கள் மகள் இப்போதே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுத்திருப்பது நல்லது. விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் அவள் போகவேண்டிய வழியில்தான் போகிறாள்.

அவளுடைய குரல் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். நோயாளிகளோடு அவள் இதுவரை எவ்வளவு பழகியிருக்கிறாள் என்று உங்கள் கேள்வியில் ஒரு வரியும் இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

மறுமொழி 3 (எச்-4 விசாவில் இருக்கும் மாணவர்)

வணக்கம். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இரண்டாம் ஆண்டு மாணவன், அப்பாவின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து, குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கிறேன். டெக்ஸாஸில் படிக்கிறேன். எனக்கு இவ்வழிகளில் ஏதேனும் திறந்திருக்கிறதா? 21 வயது முடிய இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன.

மறுமொழி 4 (ப்ரீமெட் ஆலோசனை அலுவலகத்தில் பணியாற்றியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் இம்மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில், முதலில் தம்பியின் கேள்விக்கு. உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன. எச்-4 விசாவில் இருப்பவர் பத்து வயதிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் பல கல்லூரிகள் அவரை வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடும். 21 வயதில் எச்-4 தகுதி முடிந்து, எஃப்-1 எனும் மாணவர் விசா போன்ற வேறொரு விசாவுக்கு நீங்கள் மாறியாக வேண்டும். மத்திய அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. வெளிநாட்டு மாணவரை ஏற்கும் சில கல்லூரிகள், கட்டணத் தொகையை முன்கூட்டியே வங்கியில் ஒதுக்கிக் காட்டச் சொல்வதும் உண்டு. ஆகவே, திட்டத்தின் பெயரைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன், ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் உங்கள் விசா வகையைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதி, விடையை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் “பரவாயில்லை, விண்ணப்பியுங்கள்” என்று சொன்னதை நம்பி ஓராண்டை இழந்த மாணவியை எனக்குத் தெரியும். குடும்பத்தின் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் நிலை என்ன, 21 வயதுக்குப்பின் அந்த வரிசையில் உங்களுக்கு இடமுண்டா என்பதை இப்போதே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். பதினான்கு மாதம் என்பது இவ்விஷயத்தில் நீண்ட காலம் அன்று.

டெக்ஸாஸில் படிக்கும் மற்ற மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அங்கே 2001-இல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய ‘ஜாம்ப்’ என்ற கூட்டுச் சேர்க்கைத் திட்டம் இருக்கிறது. பொருளாதாரத்தில் பின்தங்கிய மாநில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, இளநிலையிலேயே உதவித்தொகையும் கோடைப் பயிற்சியும் தந்து, விதித்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் மாநில மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடத்தையும் உறுதி செய்கிறார்கள். இவ்வகைத் திட்டங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஏனெனில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு வசதியாக அமையாமல், வழி தெரியாத பிள்ளைக்கு இது வழி காட்டுகிறது.

இனி, கேள்வி கேட்ட ஐயாவுக்கு. இடம் கிடைத்தால் கட்டுப்பட வேண்டுமா என்று கேட்டீர்கள். கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். சில இடங்களில் வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்த அன்றே உறுதி செய்யப்பட்ட இடம் போய்விடும். சில இடங்களில் அவ்வளவு இறுக்கம் இல்லை. ‘எர்லி டிசிஷன்’ என்று இன்னொன்று இருக்கிறது, அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இறுதியாண்டு நெருங்கும்போது எம்கேட் மதிப்பெண்ணோடு, ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப முறையில் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் ஆகஸ்ட் 1-க்குள் விண்ணப்பிப்பது. அக்டோபர் 1-க்குள் முடிவு வரும். கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். கிடைக்காவிட்டால் அதன்பிறகே மற்றக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பங்களை அவை வந்த வரிசையிலேயே பார்த்து இடங்களை நிரப்பிக்கொண்டே போவது இந்நாட்டில் வழக்கம் என்பதால், அக்டோபரில் தொடங்குபவர் மிகவும் பின்தங்கிவிடுவார். அந்தக் குறிப்பிட்ட கல்லூரியோடு அழுத்தமான தொடர்பு இல்லாத எவருக்கும் நான் அதைப் பரிந்துரைத்ததில்லை.

பணத்தைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. தனியார் கல்லூரி ஒன்றில் தங்கும் செலவையும் சேர்த்து நான்காண்டுகளுக்கு 3,50,000 டாலருக்கு மேல் ஆவது இன்று சாதாரணம். 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ எனும் மேற்படிப்புக்கான மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் நின்றுவிடும். மீதியைக் குடும்பமோ தனியார் கடனோதான் தாங்க வேண்டும். மறுபக்கம், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மருத்துவக் கல்லூரி 2018 முதலும், ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024 முதலும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை; ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் கீழுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கமான சுற்றில் இரண்டு மூன்று கல்லூரிகளில் இடம் பெற்ற மாணவர், அவை தரும் உதவித்தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்தவருக்கு அந்த ஒப்பீடு இல்லை. எந்த உதவித்தொகை கிடைக்கும் என்பதும் சேரும் ஆண்டு நெருங்கும்போதுதான் தெரியவரும்.

இதற்காகத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து 23,000 பேர் அளவில்தான் எம்.டி. படிப்பில் (இந்நாட்டில் இது அடிப்படை மருத்துவப் பட்டம்) சேர முடிகிறது. அந்த நெருக்கடியிலிருந்து ஒரு பிள்ளையை இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே விடுவிப்பது சிறிய நன்மை அன்று. கல்லூரி அவளுக்குப் பிடித்திருந்து, செலவைக் குடும்பம் தாங்குமென்றால் விண்ணப்பிக்கட்டும். இல்லையென்றால் இரண்டு ஆண்டுகள் பொறுத்திருப்பதால் அவள் எதையும் இழக்கப் போவதில்லை. நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டதால் தகுதியைப் பற்றிய கவலை உங்களுக்குப் பெரும்பாலும் இருக்காது.

மீண்டும் கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மகளோடு ஒரு மணி நேரம் பேசினேன். மருத்துவர் தம்பி சொன்னபடி, நோயாளிகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். நான் அறியாத ஒன்றைச் சொன்னாள். சென்ற ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய், நினைவு மங்கிவரும் சிலரிடம் அவர்களின் பழைய வாழ்க்கையைக் கேட்டு எழுதி வருகிறாளாம். வரலாற்றுப் பாடத்துக்காகத் தொடங்கியதாம். பாடம் மே மாதம் முடிந்தபிறகும் விடவில்லை. ஒரு பெரியவர் ஒவ்வொரு வாரமும் அதே கப்பல் பயணத்தைச் சொல்கிறாராம். ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு துறைமுகம் குறைந்துகொண்டே வருகிறதாம். இதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “இது ப்ரீமெட் வேலை இல்லையே அப்பா” என்றாள்.

மவுண்ட் சைனாய் திட்டத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க விரும்புகிறாள். எம்கேட்டைத் தவிர்ப்பதற்காக அன்று, மூன்றாம் ஆண்டில் நினைவிழப்பு நோயின் வரலாற்றைப் பற்றி ஆய்வேடு எழுத நேரம் வேண்டும் என்பதற்காக. செலவுக் கணக்கை நானும் அவள் அம்மாவும் இந்த வாரம் போட்டுப் பார்க்கிறோம். வரலாற்றுப் பேராசிரியர் கடிதம் தர ஒப்புக்கொண்டுவிட்டார். அறிவியல் கடிதத்துக்குத்தான் இன்னும் ஆள் இல்லை.

மறுமொழி 1 (மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி)

ஐயா, அந்த முதியோர் இல்லத்தைப் பற்றி அவள் உங்களிடம் சொன்னதுபோலவே கட்டுரையில் எழுதட்டும்; மெருகேற்ற வேண்டாம். அறிவியல் கடிதத்துக்கு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஆய்வக வகுப்பை நடத்துபவரைக் கேட்கலாம். அங்கே இருபது பேர்தான் இருப்பார்கள், அவர் உங்கள் மகளின் கைகளை வாரம் ஒரு முறை பார்த்திருப்பார். அவர் பேராசிரியர் அல்லாமல் கற்பித்தல் உதவியாளராக இருந்தால், பேராசிரியரும் சேர்ந்து கையொப்பமிடலாமா என்று கேட்க வேண்டும். நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடட்டும். அதற்குப்பின் எல்லோரும் விடைத்தாள் திருத்துவதில் மூழ்கிவிடுவார்கள்.